வாய்க்காலுக்குப் பணம் கேட்கப் போகுமுன்

நான் கடைமடைக்காரி. எங்கள் கிளை வாய்க்காலில் பங்குக்காரர் 38 பேர்; தலையிலிருந்து எண்ணி வந்தால் என் வயல் 36-ஆவது. எனக்குக் கீழே இரண்டே பேர், அதற்கப்புறம் வடிகால். 12 வருஷமாக வாய்க்கால் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை என் கையில் கொடுத்தவர் முதல் மடைக்காரர். "தண்ணீர் கடைசியில் வந்து சேருகிற ஆளிடம் நோட்டு இருக்கட்டும், கணக்கு பிசகினால் முதலில் அவளுக்குத்தான் வலிக்கும்" என்றார். வேண்டாத வேலையை நைசாக என் தலையில் கட்டுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பொது வாய்க்காலுக்கோ மதகுக்கோ கூட்டு மோட்டாருக்கோ பணமும் ஆளும் திரட்ட வேண்டிய பொறுப்பு வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எத்தனை மூட்டை சிமெண்ட், ஷட்டர் எத்தனை அடி அகலம் என்பதையெல்லாம் சொல்ல வேறு ஆள் கிடைப்பார். பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து பணம் போட ஒரு விவசாயி எப்போது துணிகிறார், எப்போது பின்வாங்குகிறார் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதையும் தோற்றுத்தான் கற்றேன்.

முதல் வசூல்

வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருக்கும் எங்கள் தலைப்பு மதகில் பலகைகள் மக்கிப்போய்விட்டன. அடைத்தாலும் ஒழுகும், திறந்தாலும் பாதிதான் திறக்கும். இரும்பு ஷட்டர் போடுவது என்று முடிவு. மதிப்பீடு வாங்கினோம், ஏக்கர் கணக்கில் பங்கு பிரித்தோம், கூட்டம் போட்டோம். 38 பேரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பணம் தந்தவர் 11 பேர்.

மீதி 27 வீட்டுக்கும் நான் நடந்தேன். ஷட்டர் தேவையில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. தொகை அதிகம் என்றவர் மூன்று பேர். மற்ற எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "நான் தர்றேன்க்கா. அவர் தந்துட்டாரா?" அந்த 'அவர்' மட்டும் வீட்டுக்கு வீடு மாறினார்.

ஒரு விவசாயி சொந்த மோட்டாருக்குச் செலவழித்தால் மற்றவர் தயவில்லாமல் தண்ணீர் வரும். பொது மதகில் போடும் பணம், மற்ற 37 பேரும் போட்டால்தான் மதகாகும். ஆக, அந்தப் பணத்தை அவர் பக்கத்து வயல்காரர்கள் மேல்தான் கட்டுகிறார். அவர்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இரவல் போன ஏணி திரும்பி வந்ததா, கைமாற்று சொன்ன தேதியில் வந்ததா, தன் தண்ணீர் முறை முடிந்ததும் வாய்மடையை அடைத்தாரா. அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார். ஷட்டர் நல்ல ஷட்டர்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது.

அந்தத் தடவை ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். வேலை நடக்காது என்று தெரிந்த வாரமே 11 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினோம். "அடுத்த தடவைக்கு இருக்கட்டுமே" என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம், திருப்பிவிடுங்கள். அடுத்த வசூலில் முதல் நாளே தந்தவர்களில் ஒன்பது பேர் அந்தப் பதினோரு பேரில் இருந்தவர்கள்.

ஆட்களை வரைந்து பாருங்கள்

வாய்க்கால் வரைபடம் எங்காவது ஒரு அலுவலகத்தில் கிடைக்கும். நீங்கள் வரைய வேண்டியது ஆட்களின் படம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 38 புள்ளி வைத்தேன். ராத்திரி மாடு கன்று போடத் திணறினால் யார் யாரைக் கூப்பிடுகிறார், மருந்து தெளிக்கும் மிஷின் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது, யார் யாரிடம் கைமாற்று வாங்குகிறார், யார் வீட்டுத் துக்கத்துக்கு யார் போகவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். யாரையும் உட்காரவைத்து விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஊர் ரெண்டுபடும். ஒரு பருவம் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தால் போதும்.

படம் முடிந்ததும் நாலு முடிச்சு தெரிந்தது. தலையில் ஒன்பது பேர், எல்லாம் அண்ணன் தம்பி வகை. நடுவில் இரண்டு கூட்டம். ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. கடையில் நாங்கள், பிற்பாடு நிலம் வாங்கி வந்தவர்கள். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளேயும் கோடுகள் பின்னிக் கிடந்தன. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் பேப்பர் வெள்ளையாக இருந்தது. வாய்க்காலோ நாலு முடிச்சையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது.

அந்த வெள்ளையைத் தாண்டிப் போனவர் ஒரே ஒருவர், டிராக்டர்காரர். சொந்தமாக அரை ஏக்கர்தான். ஆனால் 38 வயலிலும் உழவு அவருடையது. அறுப்புக்கு அப்புறம்தான் கூலி வாங்குவார் என்பதால் யார் சொன்ன சொல்லில் நிற்பார், யார் இழுப்பார் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். முதல் வசூலில் நாங்கள் ரசீது புத்தகத்தோடு அனுப்பிய மூன்று பெரியவர்களும் தலைமடைக்காரர்கள். மரியாதையான மனிதர்கள்தான். ஆனால் கடைமடையில் அது எப்படித் தெரிந்தது என்றால், 'தலைமடைக்காரர் தன் மதகுக்கு நம்மிடம் பணம் கேட்கிறார்' என்று. அடுத்த தடவை ரசீது புத்தகம் டிராக்டர்காரர் கைக்குப் போனது. முடிச்சுக்கு ஒருவர் அவரோடு போனார்.

உங்கள் ஊரில் அந்த ஆள் விதை விற்பவராக இருக்கலாம், நடவு ஆட்களைக் கூட்டி வரும் அம்மாவாக இருக்கலாம். பெரிய நிலக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படி யாருமே இல்லை என்றால் வெளியாள்கூட உதவும். இலங்கையில் கல்லோயா பாசனத் திட்டத்தின் இடது கரையில் 1981-இல் அப்படித்தான் தொடங்கினார்கள். இளைஞர்களை அமைப்பாளர்களாக விவசாயிகள் நடுவிலேயே தங்கவைத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே தலைப்பகுதியில் சிங்களவர், கடைப்பகுதியில் தமிழர். முதலில் சங்கம், பதவி, சட்டதிட்டம் என்று எதுவும் இல்லை. வயல் வாய்க்கால் அளவில் சின்னக் கூட்டம், தூர் வாருவது, முறை வைப்பது என்று ஆரம்பித்தார்கள். மேலே இருந்தவர்கள் தண்ணீரை மிச்சப்படுத்திக் கீழே விட்டார்கள். சங்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலை

ஷட்டர் பேச்சை மறுபடி எடுக்குமுன் ஒரு நண்டு வளையை அடைத்தோம். சிரிக்காதீர்கள்.

19-ஆவது வயல் ஓரம் கரையில் ஒரு கசிவு. தண்ணீர் மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு சுழி, சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு துரும்பைப் போட்டால் இரண்டு சுற்று சுற்றி உள்ளே போய்விடும். கரைக்கு வெளியே பார்த்தால் வரப்போரம் எப்போதும் சேறு. எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போனார்கள். அவரவர் வயலுக்கு அது மேலேயோ கீழேயோ இருந்ததால் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு நாள் காலை டிராக்டர்காரர் முடிச்சுக்கு இரண்டு பேராக எட்டுப் பேரைக் கூப்பிட்டார். தண்ணீரை ஒரு மணி நேரம் நிறுத்தி, வளையைக் கை நுழையும் மட்டும் தோண்டி, களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து உருண்டை உருண்டையாகத் திணித்து, மேலே ஏறி மிதித்தார்கள். பேச்சு நின்றுபோன இரண்டு கூட்டத்து ஆட்களும் ஒரே குழியில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆனால் கூடையை மட்டும் கை மாற்றிக்கொண்டு.

என் வாய்மடையில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன், விரற்கடைக்கு ஒரு வெட்டு. அன்று மதியம் தண்ணீர் இரண்டு வெட்டு ஏறியிருந்தது. எட்டுப் பேரையும் கூட்டிவந்து காட்டினேன். தலைமடைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க வரைக்கும் நான் வந்ததே இல்லை" என்றார்.

முதல் வேலை சின்னதாக, அன்றைக்கே முடிவதாக, பலன் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். பணத்தைக் காட்டிலும் உடம்பு உழைப்பில் தொடங்குவது நல்லது. பணம் தந்தாரா இல்லையா என்பது நோட்டைத் திறந்தால்தான் தெரியும்; சேற்றில் நின்றாரா என்பது வரப்பில் போகிறவனுக்கும் தெரியும். வயதானவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், உடம்புக்கு முடியாதவர்கள் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்களிடம் அவர்கள் நோட்டு வாசிக்கும் நாளில் சாட்சியாக உட்காருவார்கள், கருவிகளைக் காத்துத் தருவார்கள்; அதுவும் ஆள் கணக்கில் சேரும்.

பங்கு பிரிப்பதை அவர்களிடமே விடுங்கள்

நான் ஒரு நல்ல கணக்கு போட்டு வைத்திருந்தேன். ஏக்கருக்கு இவ்வளவு, வாய்க்கால் தூரத்துக்கு ஏற்ப இவ்வளவு தள்ளுபடி, எல்லாம் சுத்தமாக. அதைக் கூட்டத்தில் யாரும் சீந்தவில்லை. மூன்று சாயங்காலம் சண்டை போட்டு அவர்களே ஒன்றைச் செய்தார்கள்: ஆள் உழைப்பு தலைக்கட்டுக்கு இத்தனை நாள், பொருள் செலவு ஏக்கர் கணக்கில். கடைசி ஆறு பேர் பாதிப் பங்கு முதலில் தர வேண்டும். ஒரு பருவம் என் குச்சியில் ஐந்தாவது வெட்டு வரை தண்ணீர் நின்றால் மீதிப் பாதியைத் தர வேண்டும். நிற்காவிட்டால் அந்த மீதி கிடையாது. குச்சியைப் பார்க்கத் தலைமடையிலிருந்து வாரம் ஒருவர் வருவார்.

என் கணக்கு தாளில் அழகாக இருந்தது, அவர்களுடையது இன்றும் நிற்கிறது. பிரணாப் பர்தன் என்ற பொருளாதார அறிஞர் தமிழ்நாட்டில் 48 பாசனச் சமூகங்களை ஆராய்ந்து 2000-இல் எழுதியதைப் பிற்பாடு படித்தேன். விதியைத் தாங்களே வகுத்தோம் என்று விவசாயிகள் நினைக்கும் இடத்தில் விதியின் மேல் அவர்களுக்கு நல்லெண்ணம் இருக்கிறது. பெரிய கைகள் வகுத்த விதி அதிகம் மீறப்படுகிறது. நில அளவில் ஏற்றத்தாழ்வு கூடக் கூடப் பராமரிப்பு ஒத்துழைப்பு குறைகிறது என்றும் அவர் கண்டிருக்கிறார். எங்கள் தலைமடையில் ஒரு வீட்டுக்கு மட்டும் மற்றவர்களைப் போல் நாலு பங்கு நிலம். அந்த வீட்டுக்காரரே எல்லாப் பணத்தையும் போட்டுவிடுகிறேன் என்று ஒரு தடவை சொன்னார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டிருந்தால் ஷட்டர் அவருடையதாகியிருக்கும், திருகு சாவியும் அவருடையதாகியிருக்கும்.

உறவு கெடுக்கும் இடம்

உறவு இருந்தால் போதும், எல்லாம் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறவுக்காரர் தப்பு செய்தால் தட்டிக்கேட்பது கஷ்டம். ஒரு ராத்திரி நடு வாய்க்கால் கரையை ஒரு பையன் வெட்டித் தண்ணீர் பாய்ச்சிவிட்டான். அபராதம் போட வேண்டியவர் அவனுடைய சித்தப்பா. "நம்ம பையன்தானே, சொல்லி வைக்கிறேன்" என்று முடித்துவிட்டார். அந்த மாதம் மேலும் மூன்று வெட்டு விழுந்தது. எல்லோருக்கும் ஒரு சித்தப்பா இருப்பார் அல்லவா?

அப்போதுதான், எந்த முடிச்சில் தப்பு நடந்ததோ அந்த முடிச்சுக்காரர் அபராதம் பேசும்போது வாயைத் திறக்கக்கூடாது என்று வைத்தோம். நாங்களே கண்டுபிடித்தது என்று பெருமையாக இருந்தேன். ஸ்பெயினில் வாலென்சியா நகரத் தேவாலய வாசலில் வியாழக்கிழமைதோறும் நடுப்பகலில் கூடும் தண்ணீர் நீதிமன்றத்தில் இது ரொம்பப் பழைய வழக்கமாம். எட்டு வாய்க்காலுக்கு எட்டுப் பேர், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். வழக்கு எந்த வாய்க்காலுடையதோ அந்த வாய்க்காலின் ஆள் தீர்ப்பு பேசுவதில் சேரமாட்டார். எல்லாம் வாய்மொழியில், அங்கேயே, அப்போதே. யுனெஸ்கோ 2009-இல் அதைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

பணம் தராதவரிடமும் இதே கவனம் வேண்டும். முதல் தடவை தவணை தவறினால் அவருடைய முடிச்சு ஆள் ஒருவர் போய்ப் பேசுவார். இரண்டாம் தடவை நோட்டு வாசிக்கும்போது பெயர் வரும், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லாமல். மூன்றாம் தடவை அவருடைய முறை கடைசிக்குப் போகும். தண்ணீரை அடியோடு நிறுத்துவது மட்டும் கூடாது. பயிர் கருகினால் அந்த வீட்டோடு பேச்சு அடுத்த தலைமுறைக்கும் கிடையாது, வாய்க்காலோ அவர் வயல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஒருவர் மூன்று வருஷம் ஒரு பைசா தரவில்லை. நல்ல விளைச்சல், கஷ்டம் ஒன்றும் இல்லை. போய்க் கேட்டால், "எங்க அப்பா கணக்கைத் தீர்த்துட்டு வாங்க" என்பார். என்ன கணக்கு என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கு முன் நோட்டு வைத்திருந்தவர் வீட்டுப் பரணில் பழைய நோட்டுகள் கிடந்தன, ஒரு மழைக்காலம் உட்கார்ந்து புரட்டினேன். ஒரு உடைப்பு அடைத்த வேலையில் எல்லோருக்கும் ஆறு ஆறு நாள் எழுதியிருக்கிறது. அவர் அப்பா பெயரே இல்லை. அவர் அன்று நின்றதைப் பார்த்த இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த ஆறு நாளை வரவில் எழுதி, உரக்க வாசித்தேன். மறுநாள் காலை மூன்று வருஷப் பாக்கியோடு வந்தார். ஆறு நாள் கழிவு வேண்டாம், எழுதியது போதும் என்றார். நான் கழித்துக்கொண்டுதான் வாங்கினேன். கணக்கு கணக்குதான்.

சிமெண்ட் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை எலினார் ஆஸ்ட்ரமும் அவருடன் இருந்தவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற அம்மா அவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். ஒரு பக்கம் அரசு கட்டிய நிரந்தரமான தலைப்பு அணைகள். இன்னொரு பக்கம் விவசாயிகளே கல்லும் மரக்கிளையும் மண்ணும் போட்டுக் கட்டிய, வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகிற கொரம்புகள். கடைமடைக்குத் தண்ணீர் எங்கே நன்றாகப் போனது தெரியுமா? சராசரியாகப் பார்த்தால் இந்த இரண்டாவது வகையில்தான்.

காரணம் எளிது. கொரம்பு வருஷா வருஷம் உடையும். திரும்பக் கட்ட தலைமடைக்காரர்கள் மட்டும் போதாது, கடைமடைக்காரனும் வந்து கல் தூக்க வேண்டும். தண்ணீர் கிடைக்காதவன் எதற்கு வருவான்? அவன் வரவேண்டும் என்பதற்காகத் தலைமடைக்காரர் தண்ணீரைக் கீழே விடுகிறார். கான்கிரீட் போட்டதும் அந்தத் தேவை போய்விடுகிறது. தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரன் யாரோ ஆகிவிடுகிறான்.

எங்கள் ஷட்டர் வந்த முதல் வருஷமே இதை நான் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் பலகை அடைக்க, சாக்கில் மண் கட்டிப் போட, பருவத்துக்கு இரண்டு தடவை 38 வீட்டு ஆளும் தலைப்பில் நிற்போம். ஷட்டர் வந்தது, ஒருவர் போய்த் திருகினால் போதும் என்று ஆனது. அந்த வருஷம் தூர் வாரும் நாளில் தலைமடையிலிருந்து வந்தது இரண்டே பேர். என் குச்சியில் தண்ணீர் நாலாவது வெட்டைத் தாண்டவில்லை. பணம் போட்டுக் கட்டிய புது மதகு இருக்கிறது, தண்ணீர் முன்னைவிடக் குறைவு! கடைசி ஆறு பேரும் மீதிப் பாதியைத் தரவில்லை, தர வேண்டியதும் இல்லை.

அதற்காக மதகை உடைக்கவா முடியும்? ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிற மாதிரி வேலையை மாற்றிப் பிரித்தோம். ஆற்று வெள்ளம் வந்தால் அடி வாங்குவது தலைமடைக் கரை. அதைக் காத்துச் செப்பனிடும் பொறுப்பு கடைமடைக்காரர்களுக்கு. தூர் சேர்ந்து அடைபடுவது கடைமடை வாய்க்கால். அதை வாரும் பொறுப்பு தலைமடைக்காரர்களுக்கு. நாங்கள் போகாவிட்டால் அவர்கள் வயலில் மணல் ஏறும், அவர்கள் வராவிட்டால் எங்கள் வயல் காயும். ஷட்டர் சாவி மாதம் ஒரு முடிச்சாகச் சுற்றும். இரண்டாம் வருஷம் குச்சியில் ஆறாவது வெட்டைப் பார்த்தேன்.

வேறு இடங்களில் இது வேறு மாதிரி அமைந்திருக்கிறது. பாலித் தீவின் சுபக் என்னும் பாசனக் கூட்டங்களில் மேலும் கீழும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் தரிசு போடுவார்கள். அப்படிச் செய்தால்தான் பூச்சிக்கு இரை இல்லாமல் போகும். கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் கவலை, மேல்வயல்காரருக்குக் கீழேயிருந்து பரவும் பூச்சிக் கவலை. தண்ணீர் விடாவிட்டால் கீழே உள்ளவர் தன் இஷ்டத்துக்கு நடுவார், பூச்சி மேலே வரும். இதை ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் சஞ்சேரா என்னும் பாசனக் கூட்டங்களில் ஒரு பங்கு என்றால் தலையில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, கடையில் ஒரு துண்டு. கூட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு ஊதியமாகத் தரும் நிலமோ கடைசியில் இருக்கும். தண்ணீர் கடைசி வரை போகாவிட்டால் முதலில் காய்வது தலைவரின் பயிர்.

இதைப் படித்த அன்று முதல் மடைக்காரப் பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். "நோட்டை ஏன் என்கிட்ட கொடுத்தீங்கன்னு இப்பத்தான் புரியுது" என்றேன். "வேற யாரும் வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்கம்மா" என்றார். போகட்டும்.

ஒரு காலை வெளியே வைத்திருப்பவர்கள்

சொந்தமாகப் போர் போட்டவர், வெளியூரில் இருப்பவர், குத்தகைக்காரர். இந்த மூவரிடம் ஒரே பேச்சு எடுபடாது.

போர் வைத்திருப்பவரைத் துரோகி மாதிரி பார்க்காதீர்கள். வாய்க்கால் ஓடினால் அவருடைய போரில் நீர்மட்டம் ஏறும், பெரும்பாலும் அவருக்கே அது தெரியும். எங்களில் நாலு பேர் அப்படி இருக்கிறார்கள். ஆள் அனுப்பமாட்டார்கள், பொருள் பங்கில் பாதி தருவார்கள். முழுசாகத் தந்தால்தான் ஆயிற்று என்று நின்றிருந்தால் அந்தப் பாதியும் போயிருக்கும். வெளியூர்க்காரருக்கு நானோ தலைவரோ போன் செய்வதில் பிரயோஜனம் இல்லை. அவர் இன்னும் யார் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வருகிறாரோ அந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டும்.

குத்தகைக்காரர் விஷயம் நியாயப் பிரச்சினை. அடுத்த வருஷம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் 20 வருஷம் நிற்கும் கான்கிரீட்டுக்கு எதற்குப் பணம் போட வேண்டும்? தூர் வாருதல், கரை பூசுதல் போன்ற வருஷ வேலை அவருடையது. ஷட்டர், சிமெண்ட் வேலை நிலச் சொந்தக்காரருடையது. இதைக் குத்தகை பேசும் நாளிலேயே எழுதச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பங்குக்காரர் பட்டியலில் இருக்கும் பெயரும் ராத்திரி மடை திருப்பப் போகிற ஆளும் ஒன்றா என்று பாருங்கள். எங்களிடம் 38 பெயரில் பெண் பெயர் ஐந்து. மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தவர்கள் வராத கூட்டத்தில் எந்த ஒழுகலை அடைப்பீர்கள்? கூட்ட நேரத்தைச் சாயங்காலத்திலிருந்து மத்தியானத்துக்கு மாற்றினோம். அவ்வளவுதான் செய்தோம், வந்துவிட்டார்கள்.

நோட்டு

கணக்கை எழுதி வைப்பது பாதி வேலை, மீதிப் பாதி உரக்க வாசிப்பது. மாதம் ஒரு தடவை, மதகு மேட்டில், வரவு செலவு எல்லாம் பெயரோடு. ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் பார்த்த ஆள் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். செலவு செய்தவரும் பார்த்தவரும் ஒரே முடிச்சாக இருக்கக் கூடாது. பணம் ஒரு வீட்டில், பெட்டிச் சாவி வேறு முடிச்சில். ஒரு தடவை கூட்டலில் நான் தப்பு செய்துவிட்டேன், ராத்திரி கண்டுபிடித்தேன். மறுமாதம் வரை காத்திருக்காமல் அடுத்த நாளே நாலு முடிச்சுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு கிழவர் மட்டும், "நீயே சொல்லாட்டி எங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்றார். அவர் பாராட்டினாரா கிண்டல் செய்தாரா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த வருஷத்திலிருந்து அவர் பங்குப் பணம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

இப்போது ஷட்டரின் திருகு தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும். இந்த மாதம் நோட்டு வாசித்து முடித்ததும் அதைச் சொன்னேன், எவ்வளவு ஆகும் என்றும் சொன்னேன். வீடு தேடிப் போகாமலே 29 பேர் தந்துவிட்டார்கள். மீதி ஒன்பது பேரில் ஏழு பேர் நடு வாய்க்கால்காரர்கள். வரப்புத் தகராறு மறுபடி முளைத்திருக்கிறது என்று கேள்வி. நாளைக் காலை டிராக்டர்காரர் வருகிறார். 22-ஆவது வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஏன் அந்த வீடு என்று நான் கேட்கவில்லை.